பினாங்கு ஃப்ளாட்டில் ஒரு சின்னப் பவளத் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயான் பாருவில் ஆறாவது மாடி ஃப்ளாட் எங்களுடையது. ஹாலில், சாமி மேடைக்கு எதிர்ச்சுவரில், கடல்நீரில் உயிருள்ள பவளமும் மீனும் வளர்க்கும் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் சாமியைக் கும்பிடுவார்கள், அப்புறம் தொட்டியைப் பார்ப்பார்கள், அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்பது வருஷமாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான். போன மாதம் அக்கா மகன் ஒரு தொட்டி வாங்கிவிட்டு, "மாமா, நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க" என்றான். அவனுக்காக எழுதியது இது.

கடல் பத்து நிமிஷ தூரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்தே தண்ணீர் மொண்டு வந்தால் என்ன?

தீவில் இருக்கிற எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எனக்கும் தோன்றியது. முதல் வருஷம் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் மூன்று வாளி மொண்டு, காரின் பின்சீட்டை நாசமாக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் வாளியின் அடியில் விரல் கனத்துக்குச் சேறு. மேலே எண்ணெய்ப் படலம் வானவில் மாதிரி மின்னியது. உப்பை அளந்தால் ஆயிரத்துக்கு 29. பவளத்துக்கு வேண்டியது 35.

காரணம் எளிது. தீவுக்கும் எதிர்க்கரையில் இருக்கும் பிறை ஊருக்கும் நடுவில் இருப்பது ஆழம் குறைந்த, சேற்றுத் தரை கொண்ட ஜலசந்தி. ஆறுகள் வந்து விழுகின்றன, துறைமுகம் இருக்கிறது, ஒரு பெரிய மழை பெய்தால் கரையோரத்தில் உப்பு இன்னும் இறங்கிவிடும். தெளிந்த நீரில் பவளத்தைப் பார்க்க இங்கிருந்து வடக்கே கெடா கடலில் இருக்கும் புலாவ் பாயார் தீவுக்குத்தான் படகு ஏற வேண்டும். நம் கரைத் தண்ணீரில் வளராத பவளத்தை அதே தண்ணீரை ஊற்றி ஹாலில் வளர்க்கப் பார்ப்பது வீண் வேலை. இறால் குஞ்சுப் பண்ணைக்காரர்கள்கூடக் கடல்நீரை அப்படியே விடுவதில்லை. தெளிய வைத்து, வடிகட்டி, குளோரின் போட்டுக் கிருமி நீக்கி, அந்தக் குளோரினையும் போக்கிய பிறகுதான் பயன்படுத்துகிறார்கள். அந்த வசதி ஆறாவது மாடியில் கிடையாது. ஆகவே கடல் ஜன்னலில் தெரிந்தாலும் நம் கடலை நாம் சமையலறையில்தான் கலக்க வேண்டும்.

சரி, வீட்டில் கடல்நீர் எப்படித் தயாரிப்பது?

சுத்தமான தண்ணீர், பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்பு, இரண்டும் போதும். சமையல் உப்பு உதவாது. கடல் உப்பில் சோடியம் குளோரைடு தவிர மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் இருக்கின்றன. இன்ஸ்டன்ட் ஓஷன், ரெட் சீ, ட்ராபிக் மரின் என்று பல பெயரில் வாளியாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டருக்குச் சுமார் 35 முதல் 40 கிராம் பிடிக்கும். வாளியிலேயே அளவு போட்டிருப்பார்கள்.

தண்ணீர்தான் தலைவலி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது போக பாஸ்பேட், சிலிகேட், சில பழைய வீடுகளில் குழாயிலிருந்து வரும் செம்பு. குடிக்கிறதுக்கு ஒன்றும் செய்யாத அளவுச் செம்பே இறாலையும் நத்தையையும் முடித்துவிடும். கொதிக்க வைத்தால் செம்பு போகாது. வாசலில் மாட்டியிருக்கும் மணல் ஃபில்டரும், சமையலறையில் வாடகைக்கு எடுத்த சுடுநீர்–குளிர்நீர் மெஷினும் இதற்கு ஆகாது. தண்ணீரை அழுத்தி நுண்துளை வழியே வடிக்கும் ஆர்.ஓ. சவ்வும், அதற்குப் பின்னால் மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழலும் உள்ள சின்ன ஃபில்டர் ஒன்றைச் சலவை மெஷின் குழாயில் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த ஃபில்டர் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். எங்கள் வீட்டில் அம்மா அதைப் பிடித்து வைத்து வாசலும் பாத்ரூமும் கழுவிவிடுவார்.

ஃபில்டர் வாங்கும்வரை ஒரு வழி உண்டு. தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, கடைத்தெருவில் காசு போட்டுப் பிடிக்கும் தண்ணீர் மெஷின்கள் இருக்கின்றன இல்லையா, அவற்றில் பலவும் ஆர்.ஓ. மெஷின்தான். ஆனால் நம்பிப் பிடிக்காதீர்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்க, பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் மலிவாகக் கிடைக்கும். அதை முக்கிப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சரி. எங்கள் பக்கத்து பிளாக் மெஷினில் ஒரு வாரம் 3 காட்டும், சவ்வு மாற்றாமல் விட்டால் 40 காட்டும்.

கலக்கும் முறை: வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் உப்பு. உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாக அடியில் படிந்துவிடும். சின்ன பம்பு ஒன்றைப் போட்டு ஓர் இரவு சுழலவிடுங்கள். காலையில் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து 35இல் கோடு நிற்கிறதா பாருங்கள். மீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்குத் திருப்பினால் போதாது. 35 என்று குறித்த சோதனைத் திரவம் ஒரு சின்னப் புட்டியில் வரும், அதை வைத்துச் சரிபாருங்கள். நான் முதல் ஆறு மாதம் 35 என்று நினைத்து ஓட்டியது உண்மையில் 32.

எவ்வளவு பெரிய தொட்டி? எங்கே வைப்பது?

60 × 40 × 40 சென்டிமீட்டர். கணக்குப்படி 96 லிட்டர், கல்லும் மணலும் போனால் தண்ணீர் 80 லிட்டர் சொச்சம் நிற்கும். இதைவிடச் சின்னது அழகாக இருக்கும், ஆனால் மன்னிக்காது. இருபது லிட்டர் தொட்டியில் ஒரு நத்தை செத்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் கெட்டுவிடும்.

எடையைக் கூட்டிப் பாருங்கள். தண்ணீர் 82 கிலோ, கண்ணாடி 20, கல்லும் மணலும் 15. மேசையைச் சேர்க்காமலே 117 கிலோ. டிவி வைக்கும் பலகை இதைத் தாங்காது. சுவரோரமாக, மட்டம் பார்த்து, தொட்டிக்கென்று செய்த ஸ்டாண்டில் வையுங்கள். ஜன்னல் வெயில் படவே கூடாது. மேற்குப் பார்த்த ஹாலாக இருந்தால் வேறு அறை பாருங்கள். வெயில் பட்டால் பாசியும் வரும், சூடும் ஏறும்.

சூடு என்றதும் கேட்கிறேன்: தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கட்டாயமா? ஐரோப்பாவில் ஹீட்டர் வாங்கச் சொல்கிறார்களே?

ஹீட்டரை மறந்துவிடுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் பாதி நேரம் தண்ணீரைச் சூடேற்றுவதைப் பற்றித்தான் பேசுவார்கள். நமக்குப் பிரச்சினை தலைகீழ். பினாங்கில் பகலில் வீட்டுக்குள் 31, 32 டிகிரி சாதாரணம். அதோடு பம்பும் விளக்கும் தங்கள் பங்குக்குச் சூடேற்றும். மூடி போட்ட தொட்டி மத்தியானம் மூன்று மணிக்கு 32ஐத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பவளத்துக்கு இன்னும் மோசம்.

பவளம் என்பது விலங்கு. அதன் தசைக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் சர்க்கரை செய்து பவளத்துக்குப் பெரும்பங்கு சாப்பாடு போடுவது அதுதான், நிறத்திலும் அதற்குப் பங்கு உண்டு. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி ஏறி, வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசியைத் துப்பிவிடுகிறது. உடம்பு கண்ணாடியாகி உள்ளே வெள்ளை எலும்பு தெரியும். 2010இல் நம் கடலிலேயே இப்படி ஆகித்தான் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள். கடலுக்கே அந்தக் கதி என்றால் 80 லிட்டருக்கு என்ன?

ஆனால் பயப்பட வேண்டிய எண் எது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 25, 26 என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நம் பக்கத்துப் பவளங்கள் 28, 29இல்தான் வாழ்கின்றன. தொட்டி ராப்பகலாக 27, 28இல் நிலையாக நின்றால் நான் கவலைப்படுவதில்லை. காலையில் 26, மத்தியானம் 31 என்று ஊஞ்சலாடினால்தான் கவலை.

முதல் வழி ஃபேன். தண்ணீர் மட்டத்துக்குச் சாய்வாகக் காற்று பட்டால், நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். பாலைவன ஊரில் இது நான்கைந்து டிகிரி இறக்கும். நம் ஊர்க் காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருப்பதால் எனக்கு இரண்டு டிகிரிதான் இறங்கியது. அதற்குக் கொடுத்த விலை: தினமும் இரண்டு லிட்டர் ஆவி. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். 80 லிட்டரில் 35 இருந்த உப்பு, மூன்று நாள் கவனிக்காமல் ஆறு லிட்டர் குறைந்தால் கிட்டத்தட்ட 38 ஆகிவிடும். அதனால் குறைந்த அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் அல்ல, வெறும் ஆர்.ஓ. தண்ணீர். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, காலை காப்பிக்கு முன் அந்தக் கோடுவரை ஊற்றுங்கள். மட்டத்தைப் பார்த்துத் தானே நிரப்பும் கருவியும் இருக்கிறது. பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி சில்லர். சுண்ணாம்பு எலும்புள்ள கற்பவளம் வேண்டும் என்றால் வாங்கியே ஆக வேண்டும். வாங்கினால் அதை மேசைக்கு அடியில் கதவு மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் மாதிரிதான் இதுவும், தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைப் பின்னால் துப்பும். பெட்டிக்குள் துப்பினால் அதே சூட்டை மறுபடி இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும், குளிராது. என்னுடையது ஹாலுக்கு வெளியே துணி காயப்போடும் பால்கனியில் நிற்கிறது. குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? கரண்ட் பில்?

ஒரே மூச்சில் வாங்கினால் சில ஆயிரம் ரிங்கிட், சில்லர்தான் அதில் பெரிய பங்கு. பழைய சாமான் வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கை ஒரே வருஷத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய, அவர்கள் தொட்டி, விளக்கு, ஸ்கிம்மர் எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தருவார்கள். உப்பையும் சோதனைக் கிட்டையும் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

கரண்டுக்கு என் கணக்கு: 150 வாட் சில்லர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட், பம்புகள் 0.7, விளக்கு 0.5. ஆக ஒரு நாளைக்கு மூன்று யூனிட், மாதம் 90. உங்கள் பில்லில் யூனிட்டுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரியிடம் தொட்டி வாங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்கிம்மர் என்றேன், அது என்னவென்றால்: குழலுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை அனுப்பி, கழிவைச் சாம்பார் நுரை மாதிரி மேலே ஏற்றி ஒரு கிண்ணத்தில் தள்ளும் சாதனம். கிண்ணத்தில் சேரும் பழுப்புத் தண்ணீரை ஒருமுறை மோந்து பார்த்தால் ஏன் வேண்டும் என்று கேட்க மாட்டீர்கள்.

கல் எங்கே வாங்குவது? லங்காவி போனபோது கரையில் நிறையப் பவளக்கல் கிடந்தது.

கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். கடல் பூங்காக்களில் பவளம், சிப்பி எதை எடுத்தாலும் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி குற்றம். பாயார் தீவும் கடல் பூங்காதான். உயிருள்ள கற்பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை, அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு தாண்டக் கூடாது. கடையில் வாங்கும்போது பண்ணையில் துண்டு போட்டு வளர்த்ததா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை.

கல்லுக்குக் காய்ந்த கல்லே போதும். எட்டு, ஒன்பது கிலோ. சுண்ணாம்புக் கல்லாக, ஓட்டை ஓட்டையாக, எடை குறைவாக இருக்க வேண்டும். அந்த ஓட்டைகளில்தான் பாக்டீரியா குடியேறும். பின்சுவரில் செங்கல் மாதிரி அடுக்காதீர்கள், தண்ணீர் பின்னால் சுழல இடம் விடுங்கள். கல்லை முதலில் கண்ணாடிமேல் நிறுத்திவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் நிறுத்தினால் நத்தையோ குழி பறிக்கும் மீனோ அடியைத் தோண்டி ஒருநாள் கல் சரியும்.

தண்ணீர் ஊற்றி எத்தனை நாளில் மீன் விடலாம்?

நாள் கணக்கு கிடையாது, வாரக் கணக்கு. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு.

மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, தண்ணீர் மாற்றி எடுத்துவிடலாம். இந்த இரண்டு பாக்டீரியாவும் கல்லில் பெருகும்வரை தொட்டி காலியாகத்தான் நிற்க வேண்டும். அவற்றுக்குத் தீனியாகச் சந்தையில் வாங்கிய ஒரு பச்சை இறாலைப் போடலாம், வீடு நாறும். புட்டியில் விற்கும் அமோனியம் குளோரைடு சுத்தம். 2 பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு 2 பங்கு) வரும்படி விட்டு, ஒரு நாளுக்குள் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார்.

நான் தொடங்கியபோது ஒரு கடைக்காரர், "அண்ணே, இந்தப் புட்டி மருந்தை ஊத்துங்க, நாளைக்கே மீன் போடலாம்" என்றார். மறுநாளே இரண்டு மீன் போட்டேன். நான்காம் நாள் ஒன்று மணலில் சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் வேகமாக அடித்தது. சாயங்காலத்துக்குள் இரண்டும் போய்விட்டன. அந்தப் புட்டியில் இருப்பது பாக்டீரியா, காத்திருக்கும் காலத்தைக் குறைக்க உதவும். சோதித்துப் பார்க்காமல் அதை நம்பியதுதான் என் தப்பு.

கல் எல்லாம் பழுப்பாகிவிட்டது. தோல்வியா?

இல்லை. புதுத் தொட்டியில் முதலில் டயாட்டம் என்ற பழுப்புத் தூள், அப்புறம் பச்சை முடிப்பாசி, எல்லாம் வரிசையாக வந்து போகும். மருந்து ஊற்றாதீர்கள். விளக்கைக் குறையுங்கள், தீனியைக் குறையுங்கள், நான்கு ட்ரோக்கஸ் நத்தை விடுங்கள், டூத்பிரஷால் தேயுங்கள். மூன்று, நான்கு மாதம் அசிங்கமாகத்தான் இருக்கும். உறவினர்களை அந்தச் சமயத்தில் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

என்ன மீன் வளர்க்கலாம்?

ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. பண்ணையில் பிறந்ததாகப் பார்த்து வாங்குங்கள், கடலில் பிடித்ததைவிடத் தாங்கும். சின்னதாக இரண்டை ஒன்றாக விடுங்கள். பிறக்கும்போது எல்லாம் ஆண்தான், அல்லது ஆணாகப் போவதுதான். இரண்டில் பெரியதாக வளர்வது பெண்ணாகிவிடும். அந்தப் பெண் செத்துப்போனால் மிஞ்சிய ஆண் பெண்ணாக மாறும். இதைச் சொன்னதும் எங்கள் பெரியப்பா பத்து நிமிஷம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக ஒரு மஞ்சள் கோபி மீனும் அதற்கு ஜோடியாக ஒரு பிஸ்டல் இறாலும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது வளை தோண்டும்; மீன் வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசையை மீனின் மேல் வைத்துக்கொண்டே வரும். மீன் வாலை ஒரு துடி துடித்தால் இரண்டும் வளைக்குள். டிவி பார்ப்பதை நாங்கள் குறைத்ததற்கு இந்த ஜோடிதான் காரணம்.

மூன்று மீனோடு நிறுத்துங்கள். நீல டாங் வேண்டாம், அது ஓரடி வளரும். மாண்டரின் வேண்டாம், உயிருள்ள நுண்பூச்சியையே தேடித் தின்னும், சின்னத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். பாங்காய் கார்டினல் அழகு. ஆனால் இயற்கையாக அது வாழ்வது சுலவேசி பக்கம் பாங்காய்த் தீவுகளில் மட்டும், அங்கேயும் அருகிவிட்டது. பண்ணைக் குஞ்சு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். தொட்டிமேல் வலை மூடி போடுங்கள். கோபி குதிக்கும்; பல்லி விழும்.

பவளத்தில் எதிலிருந்து தொடங்குவது?

மென்பவளம். காளான் பவளம், தோல் பவளம், பொத்தான் மாதிரி கூட்டமாக வளரும் சோவாந்திட். 80 லிட்டரில் இவை மட்டும் இருந்தால் வாராவாரம் பத்து விழுக்காடு தண்ணீர் மாற்றுவதிலேயே கால்சியம், காரத்தன்மை எல்லாம் ஈடாகிவிடும். நீலம் கூடிய எல்.இ.டி. விளக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் போதும். தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும், தொட்டியின் கொள்ளளவைப்போல் மணிக்கு இருபது மடங்கு சுழற்றும் பம்பு. ஆறு மாதம் எல்லாம் நிலையாக நின்றால் சுத்தியல் பவளம் வாங்கலாம். அதைப் பக்கத்துப் பவளத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ராத்திரியில் கையை நீட்டிப் பக்கத்து வீட்டுக்காரனைச் சுட்டுவிடும்.

சோவாந்திட் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். இந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் போடுங்கள். கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம். இவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றவோ அடுப்பில் வேகவைக்கவோ கூடாது. ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

பிள்ளைகள் அனிமோன் கேட்கிறார்கள்.

ஒரு வருஷம் கழித்து. அனிமோன் பூ மாதிரி தெரிந்தாலும் விலங்கு, அது நடக்கும். நடந்துபோய் பம்புக்குள் மாட்டினால் தொட்டி முழுக்க விஷச் சாறு. கோமாளி மீனுக்கு அது இல்லாமலே வாழத் தெரியும். எங்கள் ஜோடி தோல் பவளத்தில்தான் தூங்குகிறது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம். தொட்டிக்கு ஆகுமா?

எங்கள் வீட்டிலும் போடுகிறோம். சாம்பிராணியைத் தொட்டியிலிருந்து தள்ளி, ஜன்னலைத் திறந்து போட்டால் இதுவரை ஒன்றும் ஆனதில்லை. ஸ்கிம்மர் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீரில் கலக்கும் சாதனம் என்பதால் அந்த அரைமணி நேரம் மட்டும் அதை நிறுத்திவிடுவேன்.

பயப்பட வேண்டியது கொசுவர்த்திக்கும் ஸ்பிரேக்கும்தான். அவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து நமக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. டெங்கி வந்துவிட்டால் தாமானில் ஃபாகிங் என்று கொசுமருந்துப் புகை அடிப்பார்கள் அல்லவா, அந்த உறுமல் சத்தம் கீழே கேட்டதும் எங்கள் வீட்டில் ஒரு டிரில் நடக்கும். ஒருவர் ஜன்னலை மூடுவார், ஒருவர் ஸ்கிம்மரையும் காற்று பம்பையும் நிறுத்துவார், ஒருவர் ஈரத் துண்டால் தொட்டியை மூடுவார். உள்ளே தண்ணீரைச் சுழற்றும் பம்பு மட்டும் ஓடட்டும். புகை அடங்கி, வீட்டைக் காற்றோட்டமாக்கிய பிறகு எடுப்போம்.

புகைமூட்டக் காலத்தில் வேறு தொல்லை. ஜன்னல் எல்லாம் மூடி ஏர்கானில் நான்கைந்து பேர் உட்கார்ந்தால் அறையில் கரியமில வாயு ஏறும், தொட்டியின் பி.எச். 8.2இலிருந்து 7.8க்கு இறங்கும். மருந்து ஊற்ற வேண்டாம், புகை போனதும் தானே ஏறும்.

கரண்ட் போனால்? தீபாவளிக்கு ஊருக்குப் போனால்?

இரண்டும் எனக்கு ஒரே நாளில் நடந்தது. மூன்றாம் வருஷம் தீபாவளிக்கு ஈப்போவில் மாமியார் வீடு. இங்கே மின்னல் வெட்டி, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்ச் விழுந்துவிட்டது. ஊர் முழுக்க விளக்கு எரிகிறது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோதே, மூடி வைத்த கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி வாடை. மீன், இறால், தோல் பவளம் எல்லாம் போய், நான்கு காளான் பவளமும் ஒரு துறவி நண்டும் மட்டும் மிச்சம். அந்த நண்டு இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம் செய்தவை: தொட்டிக்கென்று தனி ஈ.எல்.சி.பி. போட்டேன், ஃப்ரிட்ஜோ வாட்டர் ஹீட்டரோ கோளாறு செய்தால் தொட்டி விழாது. கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரிக் காற்று பம்பு ஒன்று மாட்டினேன். எல்லா வயரும் சுவிட்சுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி விட்டேன், சொட்டும் தண்ணீர் வளைவிலேயே விழுந்துவிடும், ப்ளக்குக்குள் போகாது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிளிடம் சாவி கொடுத்திருக்கிறேன். அவருக்கு ஒரே ஒரு வேலைதான், வந்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. தீனி போடச் சொல்லவில்லை. அன்பு மிகுந்து ஒரு டப்பாவையே கொட்டிவிடுவார். நல்ல மீன் நான்கு நாள் பட்டினி தாங்கும்.

மீன்மேல் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி.

கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. செம்பு மருந்து கொல்லும், ஆனால் அதைப் பவளத் தொட்டியில் ஊற்றினால் இறாலும் பவளமும் சேர்ந்து போகும். மீன்களைத் தனி வாளிக்கு மாற்றி அங்கே மருந்து. பெரிய தொட்டி இரண்டரை மாதம் மீனில்லாமல் கிடக்க வேண்டும், ஒட்டுண்ணி தொற்ற ஆளில்லாமல் சாகும். இந்தப் பாடு வேண்டாம் என்றால் புது மீனை நான்கு வாரம் தனியாக வைத்துவிட்டுச் சேருங்கள்.

ராத்திரி தொட்டியிலிருந்து "டக்" என்று கண்ணாடி வெடிக்கிற மாதிரி சத்தம்.

பிஸ்டல் இறால் இருந்தால் அதுதான். கொடுக்கைச் சொடுக்குகிறது. பயப்படாமல் தூங்குங்கள்.

கோலாலம்பூரில் இருக்கிறேன். ஏதாவது மாறுமா?

கடைகள் அங்கே அதிகம், அது உங்கள் அதிர்ஷ்டம். மற்றபடி அதே சூடு, அதே இடி. காசு செலவழிக்கும் முன் கே.எல்.சி.சி.யில் இருக்கும் அக்குவேரியாவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். இங்கே எங்களுக்கு பத்து மாவுங் என்ற ஊரில் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் இருக்கிறது. மீனைப் பார்த்துவிட்டு வராதீர்கள், தொட்டியின் மேலே குனிந்து குழாயும் பம்பும் எப்படி ஓடுகின்றன என்று பாருங்கள்.

ஒருவேளை முடியவில்லை, விட்டுவிடலாம் என்று தோன்றினால்?

தோன்றும். வேலை மாறும், குழந்தை பிறக்கும். அப்போது மீனைக் கொண்டுபோய் கர்னி டிரைவ் கரையில் விடாதீர்கள். பண்ணையில் பிறந்ததற்கு அந்தச் சேற்றில் வாழத் தெரியாது. அதன் உடம்பில் இருக்கும் நோய் அங்கே இருப்பவற்றுக்குத் தொற்றலாம். வளர்க்கிற இன்னொருவருக்கோ கடைக்கோ இலவசமாகக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். கல்லை வெளியே எடுத்துப் பால்கனியில் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். முதல் வாரம் நாறும், மூன்றாம் வாரம் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஒரு சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் போட்டுவைத்தால் எத்தனை வருஷம் கழித்தும் அதே கல்லைக் கழுவித் தொடங்கலாம். அக்கா மகன் இப்போது வைத்திருக்கும் எட்டுக் கிலோ அப்படிக் கட்டிலுக்கடியில் கிடந்ததுதான்.